மாலை போட்டவருக்குக் கொடுத்த ரசம்

சபரிமலைக்கு மாலை போட்டிருந்த என் புருஷனுடைய மதியச் சாப்பாட்டில் நான் ஆட்டுக்கால் சாறு கலந்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினெட்டு நாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்லி, கடைசியில் நீங்கள் "அடிப்பாவி" என்பதைவிட இப்போதே சொல்லிவிடுங்கள். பாப்பாத்தி என்கிற நானே எனக்கு அதைப் பல தடவை சொல்லிக்கொண்டாயிற்று.

தொண்ணூற்றாறாம் வருஷம் அது. ஹனூர் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து எங்களுக்கு மூன்று வருஷம் ஆகியிருந்தது. என் புருஷன் கிருஷ்ணராஜ் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு மோட்டார் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். இன்றைக்கு வேலை இருக்கும், நாளைக்கு கேட்டிலேயே திருப்பி அனுப்பினாலும் கேட்க நாதியில்லை. ஆனால் அவருக்கு ஓட வரும். அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு டிசம்பரிலும் பத்தாயிரம் மீட்டர் ஓட்டம் வைப்பார்கள். முதல் இரண்டு இடத்தில் வருகிற கான்ட்ராக்ட் ஆளை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பர்மனெண்ட் ஆக்குவார்கள். முந்தின வருஷம் இவர் நாலாவதாக வந்தார். இந்த வருஷம் இருபத்தெட்டு வயது முடிகிறது, அதற்கு மேல் கோட்டா இல்லை. இதுதான் கடைசி.

அந்த நேரம் பார்த்துத்தான் மனுஷன் போய் மாலை போட்டுக்கொண்டார். போட்டுவிட்டவர் செல்லக்கண்ணு. அதே கம்பெனி ஸ்டோரில் வேலை பார்க்கும் கொள்ளேகால்காரர், பெண்டாட்டி போய்ச் சேர்ந்து தனியாக இருப்பவர். பதினேழு வருஷம் மலைக்குப் போய் வந்தவர் என்பதால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் குருசாமி. அந்த வருஷம் அவருக்குப் பதினெட்டாவது. பதினெட்டாம் வருஷம் போகிறவர் சன்னிதானத்தில் தென்னங்கன்று நட வேண்டும். அவர் அதை ஒரு எண்ணெய் டின்னில் வைத்து, பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுவதுபோல் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மாலை போட்ட மூன்றாம் நாள் பசவராஜ் சார் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். கம்பெனி ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். கிருஷ்ணராஜ் குளிக்கப் போயிருந்ததால் என்னிடம்தான் கன்னடத்தில் பொரிந்து தள்ளினார். நாற்பத்தொரு நாள் முட்டை இல்லை, கறி இல்லை என்றால் இவன் கால் ஆறு கிலோமீட்டர்கூடத் தாங்காது என்றார். அவர் வீட்டுக்குள் முட்டை ஓடுகூட நுழையாது. ஊருக்குத்தான் உபதேசம். நானும் விடவில்லை. ரெண்டு வருஷமாக முதலில் வருகிற அந்த ஹேமந்த் சுத்த சைவம்தானே, அவன் என்ன சாணியா தின்று ஓடுகிறான் என்று கேட்டேன். அவன் உடம்பு தலைமுறை தலைமுறையாகப் பருப்பிலும் பாலிலும் ஊறியது, உன் புருஷன் உடம்பு கறியில் வளர்ந்தது, திடீரென்று நிறுத்தினால் ஆயில் இல்லாத இன்ஜின்போல் நடுவழியில் நின்றுவிடும் என்றார். போகும்போது, "மூணாவது வந்தாலும் வேலை இல்லேம்மா, யோசனை மாடு" என்று, யோசித்துப் பார் என்பதைத் தமிழும் கன்னடமும் கலந்து சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தார்.

அந்தப் பயம்தான் என்னைத் தள்ளியது. பக்கத்து வீட்டு நஞ்சம்மாவிடம் சொல்லி அழுதேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவள் அடுப்பிலேயே ஆட்டுக்காலை வேகவைத்துக் கொடுப்பதாகச் சொன்னாள். மாலை போட்ட வீட்டில் அந்த வாசனையே வரக்கூடாது. ஆகையால் காலை பத்து மணிக்கு அவள் வீட்டுக்குப் போவேன். சாறு ஆறினதும் மேலே படிகிற கொழுப்பை வாழை இலைத் துண்டால் வழித்துவிடுவேன், இல்லையென்றால் ரசத்தில் மிதந்து காட்டிக்கொடுத்துவிடும். பிறகு இரண்டு தடவை துணியில் வடிகட்டி, வீட்டில் வைத்திருக்கும் கொள்ளு ரசத்தில் ஊற்றி, மிளகையும் சீரகத்தையும் தாராளமாகத் தட்டிப் போடுவேன். திரும்பி வந்து மறுபடி தலைக்குக் குளிப்பேன். பன்னிரண்டு மணிக்கு கம்பெனி கேட்டில் சாப்பாட்டுத் தூக்குப்போசியைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அதை அவர் ஐயப்பன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார். சாமிக்கே ஊட்டுகிற அளவுக்கு எனக்கு நெஞ்சழுத்தம் இல்லை. தெரியாமல் தின்றவனுக்குப் பாவமில்லை, ஊட்டியவளுக்குத்தான் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். பாவத்தை நான் சுமக்கிறேன், வேலை அவருக்குக் கிடைக்கட்டும்.

தீர்ப்பு நன்றாகத்தான் இருந்தது. பயம்தான் அதைக் கேட்கவில்லை. மாலை போட்ட அன்று என் மாமியார் கமலம்மாள் ஹனூரிலிருந்து வந்து ஒரு கதை சொல்லியிருந்தார். அவர்கள் ஊரில் ஒருவன் விரதத்தில் திருட்டுத்தனமாக மீன் தின்றானாம். மலைக்குக் காட்டு வழியாகப் போகும் பெரிய பாதையில் பின்னால் நடந்துகொண்டிருந்தவனைக் காணோம் என்று திரும்பிப் பார்த்தால் துண்டு மட்டும் கிடந்ததாம். அந்தக் கதை எனக்குச் சோறு வடிக்கும்போதும் வரும், துணி துவைக்கும்போதும் வரும். பத்தாம் நாள் அவருக்குக் கணுக்கால் பிசகியபோது, ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். கோயிலில் தேங்காய் உடைக்கக்கூட எனக்குத் தைரியமில்லை. அழுகல் தேங்காயாக இருந்துவிட்டால் என்ன செய்வேன்? ஞாயிற்றுக்கிழமைகளையும் நான் விலகி இருந்த நான்கு நாளையும் கழித்தால் பதினெட்டு நாள் கொடுத்திருக்கிறேன். மலையில் படியும் பதினெட்டு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். இருபத்தைந்து சுற்று. பதினைந்தாம் சுற்றுவரை இவர் ஐந்தாவது. கறுப்பு நிக்கரும் கழுத்தில் மாலையும் வெறுங்காலுமாக, யாரோ பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளுவதுபோல் ஒரே சீராக ஓடினார். இருபதாம் சுற்றில் மூன்றாவது. கடைசிச் சுற்றில் எனக்குப் பார்க்க முடியவில்லை, முந்தானையைக் கடித்துக்கொண்டு குனிந்துகொண்டேன். கூச்சலைக் கேட்டு நிமிர்ந்தபோது ஹேமந்த் முதலில் போயிருந்தான். அவனுக்கு நாலே எட்டுப் பின்னால் இவர். முந்தின வருஷத்தைவிட ஒரு நிமிஷத்துக்கு மேல் குறைத்திருந்தார் என்று பசவராஜ் சார் கடிகாரத்தை எல்லோருக்கும் காட்டினார். நான் அழுதேன். என் ஆட்டுக்கால் அவரை ஓட வைத்துவிட்டது என்று, பாவத்தோடு கொஞ்சம் கர்வமும் வந்தது.

அது ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. கறி இல்லாமல் எப்படியடா ஓடினாய், என்ன தின்றாய் என்று பசவராஜ் சார் விடாமல் கேட்டார். காலையில் ராகிக் களி, மதியம் சோறும் பருப்பும், அதற்கு மேல் குருசாமி கொண்டுவருகிற அவித்த நிலக்கடலையும் வாழைப்பழமும், ராத்திரி பால் என்று இவர் சொன்னார். ரசத்தைச் சொல்லவில்லை. ரசத்தை விட்டுவிட்டீர்களே என்று நான் குறுக்கே பேசினேன். அவர் சிரித்துக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காத பாப்பாத்தி. போன வருசம் கொள்ளுத் தின்னுட்டு ஓடி வயிறு கெட்டுது, மறந்துட்டயா? நீ ஆசையா வெச்சுக் குடுக்கறப்ப வேண்டாம்னு சொல்ல வாய் வரலை. நான் ஒரு நாளும் அதத் தொடலை. எல்லாம் நம்ம குருசாமிக்குத்தான். அவருக்கு முட்டி வலியே போயிருச்சு தெரியுமா."

குருசாமி பக்கத்தில்தான் நின்றிருந்தார். துண்டை மடித்துக்கொண்டிருந்தார். யாருக்காக அந்தப் பாவத்தைச் செய்தேனோ அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. கடலையையும் களியையும் தின்று ஓடி ஜெயித்துவிட்டார். பதினெட்டு நாள் சாறும், பதினெட்டாம் வருஷம் மலையேறப் போகிற ஒரு மனுஷன் வயிற்றுக்குள் போயிருக்கிறது. என்னைப் போல ஒரு முட்டாள் மைசூர் ஜில்லாவிலேயே இருக்க மாட்டாள்.

மறுநாளிலிருந்து ரசத்தை நிறுத்திவிட்டேன். கொள்ளு தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். ஆனால் நிறுத்தினால் ஆயிற்றா? எட்டாம் நாள் இருமுடி கட்டு. பன்னிரண்டு பேருடைய இருமுடியையும் கட்டப்போகிறவர் குருசாமி. அசைவம் போன வயிற்றோடு அவர் கையால் நெய்த் தேங்காய் நிரப்பி, அதை என் புருஷன் தலையில் தூக்கி வைப்பார். குண்டலுபேட்டையைத் தாண்டினால் காடு. அதற்குப் பிறகு மலை. துண்டு மட்டும் கிடந்தது என்ற கதையில் இப்போது எனக்குக் கிருஷ்ணராஜின் துண்டுதான் தெரிந்தது. சொன்னால் குருசாமியின் பதினெட்டாம் வருஷம் மண்ணாகும். கிருஷ்ணராஜ் என் முகத்தில் முழிக்க மாட்டார். சொல்லாவிட்டால் அவர் உயிரோடு திரும்பி வருவாரா என்றே எனக்குத் தெரியவில்லை. சோறு இறங்கவில்லை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் இவள் இளைத்துவிட்டாள் என்று அவர் கேலி செய்தார்.

இருமுடி கட்டுக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை சாயந்திரம், குருசாமியின் அறைக்குப் போனேன். தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. ரசத்தில் என்ன கலந்தேன், ஏன் கலந்தேன் என்று நின்றவாக்கிலேயே சொல்லி முடித்தேன். அடிப்பார் என்று நினைத்தேன், அல்லது வாந்தி எடுப்பார் என்று. அவர் செம்பைக் கீழே வைத்தார்.

"ஆரு ஆருகிட்டச் சொல்லியிருக்கற?" என்று கேட்டார்.

நஞ்சம்மாவுக்கு மட்டும்தான் தெரியும் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என்ன கலந்தாய், ஏன் இப்படிச் செய்தாய் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எனக்கு மொத நாளே தெரியும் அம்மணி," என்றார். முகத்தைக் கன்றின் பக்கமே வைத்திருந்தார். "சின்ன வயசுல கொள்ளேகால்ல கறி ஓட்டல்ல எட்டு வருசம் வேலை பாத்தவன். மொளகத் தட்டிப்போட்டா அந்த வாசம் போயிருமா? துப்பியிருக்கோணும். முழுங்கிட்டேன். அடுத்த நாளு அவன் எப்படா போசிய நீட்டுவான்னு பாத்துட்டு உக்காந்திருந்தேன். முட்டி வலி போச்சுன்னு நாந்தான் சொன்னேன். வலி போச்சா இல்லையான்னு எனக்கே தெரியலை. நாக்கு கேட்டுது, அவ்வளவுதான்."

எனக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை, பயம்தான் இன்னும் கூடியது. தெரியாமல் குடித்தவர் என்றால் சாமி மன்னித்துவிடும் என்று ஒரு மூலையில் நம்பிக்கை வைத்திருந்தேன், அதுவும் போயிற்று. அவருக்கும் பயம்தான். பதினேழு வருஷம் பயம் என்றால் என்னவென்று தெரியாமல் ஏறியதாகவும், இப்போது கண்ணை மூடினால் படி வழுக்குவதாகவும் சொன்னார். இந்த ஒரு வருஷம் கட்டிக்கொடுத்துவிடுகிறேன், கன்றை நட்டுவிட்டு வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறேன், யாரிடமும் சொல்லாதே என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவ்வளவு வயதானவர் என்னைக் கும்பிட்டது எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப எங்க வூட்டுக்காரரு கட்டும் உங்க கையிலதானுங்களா?" என்று கேட்டேன்.

அவர் செம்பை எடுத்து மறுபடி கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை, கோயில் பந்தலில் எங்கள் சனம் எல்லாம் கூடிவிட்டது. சரண கோஷம் காதைப் பிளந்தது. வெளியே வேன் நின்றது, அதன் மேல் தென்னங்கன்றைக் கட்டியிருந்தார்கள். முதல் வருஷம் போகிறவர் என்பதால் கிருஷ்ணராஜுக்குத்தான் முதலில் கட்டு. குருசாமி தேங்காயின் கண்ணைத் திறந்து நெய் ஊற்றினார். அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுத்து வீட்டுப் பெண் மூன்று பிடி அரிசி எடுத்து இருமுடிக்குள் போட வேண்டும். என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். தட்டிலிருந்து அரிசியை அள்ளினேன். கை அதற்கு மேல் நகரவில்லை.

போடும்மா என்றார்கள். இரண்டாம் தடவையும் சொன்னார்கள். அரிசி விரலிடுக்கில் வழிந்து தரையில் விழுந்தது. பின்னாலிருந்த ஒரு பொம்பளை, இவள் தூரமாக இருக்கிறாளோ, அதோடு வந்து நிற்கிறாளோ என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. சரண கோஷம் நின்றுவிட்டது. கிருஷ்ணராஜ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை நாளில் அவர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தேன்.

"அம்மணி மேல ஒரு தப்பும் இல்லை," என்றார் குருசாமி. நெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "எனக்கு வலது முட்டி போச்சு. இந்த வருசம் நான் ஏறலை. முந்தாநாளே இந்தப் புள்ளைகிட்டச் சொன்னேன், அந்த வெசனத்துலதான் நிக்குது. ஏறாதவன் கட்டக் கூடாது. சுரேந்தரு, நீ ஒம்பது வருசம் போனவன், வந்து உக்காரு. இந்தத் தேங்கா வேண்டாம், புதுசு எடுத்துக்க."

ஆளாளுக்குப் பேசினார்கள். தூக்கிக்கொண்டாவது போகிறோம் என்றார்கள், டோலி வைக்கிறோம் என்றார்கள். பதினெட்டாம் வருஷமாயிற்றே என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். குருசாமி எழுந்து வெளியே நடந்தார். வலது காலை இழுத்து நடந்தார். பத்தடி போன பிறகு இடது காலை இழுத்தார். என்னைத் தவிர யாரும் அதைக் கவனிக்கவில்லை.

சுரேந்தர் உட்கார்ந்து புதுத் தேங்காயை எடுத்தார். நான் மறுபடி அரிசியை அள்ளி மூன்று பிடி போட்டேன். ஒரு அரிசிகூடக் கீழே சிந்தவில்லை. வேன் மேலிருந்து தென்னங்கன்றை இறக்கிக் குருசாமியிடம் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு வேப்ப மரத்தடியில் நின்றார். வேன் புறப்படும் சமயம் கிருஷ்ணராஜ் ஜன்னலோரம் என்னைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று போனேன். அவர் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"எட்டு நாளா ரசத்த நிறுத்திட்டயில்ல, அதுதான் சாமிக்கு முட்டி மறுபடி புடிச்சிருச்சு. கொள்ளு இல்லைன்னா கடைக்குப் போயி வாங்கறதுக்கு என்ன? நான் வர்ற வரைக்கும் தெனம் வெச்சு அவருக்குக் குடு, பாப்பாத்தி."

சரி என்று தலையாட்டினேன்.

அன்றைக்கு முழுக்க நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. வேன் இப்போது குண்டலுபேட்டை, இப்போது காடு என்று நினைத்து நினைத்து ஐயப்பன் படத்தின் முகத்தைப் பார்க்கப் பயந்து சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பதினோரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. குருசாமி. கழுத்தில் மாலை இல்லை. காலையில் கோயிலுக்குப் போய்க் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார். இத்தனை நாள் மாலையோடே பார்த்துப் பழகிய கண்ணுக்கு யாரோ புது ஆள்போல் இருந்தார். கையில் ஒரு தூக்குப்போசி இருந்தது. மறுபடியும் நாக்கு கேட்டு வந்திருக்கிறாரோ என்று நினைத்துவிட்டேன்.

"அவிங்க நல்லபடியாத் திரும்பி வந்துருவாங்களா சாமி?" என்று கேட்டேன்.

"இனிச் சாமின்னு கூப்புடாத," என்றார். "வந்துருவான். அவன் சுத்தமா இருந்தான் அம்மணி. கடலையத் தின்னு ஓடுன புள்ளை, அவனுக்கு ஒண்ணும் வராது."

அதற்குப் பிறகும் அவர் போகவில்லை. போசியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, என் கண்ணைப் பார்க்காமல் நின்றார்.

"அவன் உன்கிட்டச் சொல்லீட்டுப் போயிருப்பான். ரசம் வெச்சியான்னு வந்து கேப்பான், உன்னால பொய் சொல்ல முடியாது. வெறும் கொள்ளு மட்டும் போட்டு வெச்சுக் குடு. நான் குடிக்கறேன்."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது, ஓட்டத்தன்றுகூட அப்படி அழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொள்ளு வேக நேரமாகும், உட்காருங்க என்றேன்.